வலது ஓரத்து எண்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் போகுமிடம் தாளின் வலது ஓரம். ‘நார்மல்’ அளவுகள் அச்சாகியிருப்பது அங்கேதான். அதைத் தாண்டிய ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் கணினி ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவைத்திருக்கும். எட்டு மாதக் கர்ப்பிணியின் ரிப்போர்ட் என்றால் மூன்று நான்கு நட்சத்திரங்கள் சாதாரணமாக விழும்: வெள்ளையணுக்கள் 13,000, இ.எஸ்.ஆர். 50, அல்கலைன் பாஸ்பட்டேஸ் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. வீட்டார் கலங்கிப்போவார்கள். ஆனால் இந்த மூன்றும் அந்த மாதத்தில் இருக்கவேண்டியபடிதான் இருக்கின்றன. கூடுதல் பாஸ்பட்டேஸை நஞ்சுக்கொடி சுரக்கிறது, இ.எஸ்.ஆர். கர்ப்ப காலத்தில் எதையும் சொல்லாத ஒரு சோதனை. அதே தாளில் கிரியேட்டினின் 1.0 என்று ஒரு வரி நட்சத்திரமில்லாமல் அமைதியாகக் கிடக்கும். மருத்துவர் நிற்கவேண்டிய வரி அது. கருவுற்றவளின் சிறுநீரகம் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக வடிகட்டுவதால் கிரியேட்டினின் 0.4 முதல் 0.8 மில்லிகிராமுக்குள் இறங்கியிருக்க வேண்டும். 1.0 என்றால் சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு.

கணினியைக் குறைசொல்லிப் பயனில்லை. அதனிடம் கொடுத்துவைத்த அளவு வேறு யாருடைய உடம்பிலிருந்தோ எடுத்தது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோய் கண்டறிவதில் ஆய்வகம் படும் பாட்டில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. வளர்ந்த ஆணின் உடம்பு ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒரே கணக்கில் ஓடுகிறது. கருவுற்றவளின் கணக்கு வாரத்துக்கு வாரம் மாறுகிறது. பிறந்த குழந்தையின் கணக்கு முதல் சில நாள்களில் மணிக்கு மணி மாறுகிறது. போதாக்குறைக்கு, இவர்களிடம் எடுத்த ஒரே குழாய் ரத்தத்தில் இரண்டு பேர் கலந்திருக்கிறார்கள். தாயின் ரத்தத்தில் சிசுவின் சுவடு. சிசுவின் ரத்தத்தில் தாய் கொடுத்தனுப்பியவை. ஆகவே எண்ணைப் படிக்குமுன் எத்தனை வாரம், எத்தனை நாள், இது யாருடைய எண் என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். ஆய்வகப் படிவங்கள் பலவற்றில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கர்ப்ப வாரத்துக்கென்று ஒரு கட்டம் சேர்ப்பதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.

அந்த ஓரத்து எண்கள் எப்படி வருகின்றன? ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரின் ரத்தத்தைச் சோதித்து, மேலே இரண்டரை விழுக்காட்டையும் கீழே இரண்டரை விழுக்காட்டையும் கழித்துவிட்டு, நடுவில் நிற்கும் 95 விழுக்காட்டை வரம்பாக வைத்துக்கொள்வது பரவலான முறை. கணக்குப்படி, எந்த நோயும் இல்லாதவருக்கே 20 சோதனையில் ஒன்று எல்லை தாண்டிவிடும். அந்த 120 பேர் பெரும்பாலும் ரத்ததானம் செய்பவர்கள், மருத்துவ மாணவர்கள், ஆய்வக ஊழியர்கள். கர்ப்பிணி என்றால் ஆரம்பத்திலேயே கழித்துவிடுவார்கள். நோயற்ற குழந்தையை ஊசி குத்த எந்தத் தாயும் லேசில் கொடுப்பதில்லை. அதனால் குழந்தைகளுக்கான அளவுகள் நெடுங்காலம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பிள்ளைகளின் ரத்தத்தை வைத்தே மதிப்பிடப்பட்டன. கனடாவின் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனை ‘கேலிப்பர்’ என்ற திட்டத்தில் ஆரோக்கியமான பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரிடம் ரத்தம் பெற்று, வயதுவாரியாக அட்டவணை போட்டு 2012 முதல் வெளியிட்டு வருவது அதனால்தான் பெரிய காரியமாகப் பேசப்படுகிறது.

கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்கு என்ன ஆகிறது என்பது ஒரு எளிய கணக்கு. பிளாஸ்மா 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. சிவப்பணுக்கள் 20 முதல் 30 விழுக்காடுதான் கூடுகின்றன. அணுக்கள் அதிகரித்தும் ரத்தம் நீர்த்துப்போகிறது. பிரசவத்தில் இழக்கப்போகும் ரத்தத்துக்கு உடம்பு முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இந்த நீர்ப்பு தெரியாமல் படித்தால் டெங்கு ஏமாற்றிவிடும். டெங்குவில் பிளாஸ்மா ரத்தக்குழாயை விட்டுக் கசிவதை மருத்துவர்கள் ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு, ஏறுவதை வைத்துப் பிடிக்கிறார்கள். அடிப்படை அளவிலிருந்து 20 விழுக்காடு ஏறினால் எச்சரிக்கை. கர்ப்பிணியின் அடிப்படையே 31, 32 என்று தாழ்ந்திருக்கும். அவருக்கு 38 வந்தால் தாள் ‘நார்மல்’ என்று சொல்லும். உடம்பில் கசிவு ஆரம்பித்திருக்கும்.

உறைதல் சோதனையிலும் இதே கதை, இன்னும் கொடூரமாக. ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் மற்றவர்களுக்கு 200 முதல் 400 மில்லிகிராம். பிரசவத்தை நெருங்கியவர்களுக்கு 400-க்கு மேல். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏற்பட்ட 128 பெண்களை வைத்துப் பிரான்சில் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபைப்ரினோஜன் 200 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருந்தவர்கள் அனைவருக்குமே போக்கு கட்டுமீறியதாக முடிந்தது. 200 என்பது பல ரிப்போர்ட்டுகளின் வலது ஓரத்தில் இன்னும் இயல்பின் வாசல்படி.

இந்தியாவில் இந்த ‘யாருடைய அளவு’ என்ற கேள்வி ஆய்வகத்தைத் தாண்டி அரசாங்கக் கொள்கை வரை போனது ரத்தசோகை விஷயத்தில். கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனம் 1960-களில் வகுத்த கோடு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அதை வைத்துத்தான் எண்ணியது. 2015-16-ல் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 58.6 விழுக்காட்டினருக்குச் சோகை; 2019-21-ல் 67.1. கர்ப்பிணிகளில் 52.2. இத்தனை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் எண்ணிக்கை ஏறுகிறதே என்று நாடே திகைத்தது.

ஆனால் இவ்விரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையே, 2016-18-ல், இன்னொரு தேசிய ஊட்டச்சத்து ஆய்வும் நடந்தது. ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளில் சோகை 41 விழுக்காடு என்றது அது. வயது வரம்பில் சின்ன வேறுபாடு உண்டு. இத்தனை பெரிய இடைவெளிக்கு அது போதாது. முக்கிய வேறுபாடு ரத்தம் எடுத்த விதத்தில். குடும்பநலக் கணக்கெடுப்பில் விரலில் குத்தி வரும் சொட்டைக் கையடக்கக் கருவியில் வைத்து அங்கேயே அளந்தார்கள். ஊட்டச்சத்து ஆய்வில் கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விரல் சொட்டு வராதபோது பிதுக்குவார்கள். பிதுக்கினால் திசுநீர் கலக்கும். கலந்தால் எண் இறங்கும். முதல் சொட்டைத் துடைக்காமல் எடுத்தாலும் இதே கோளாறு. ஒரு தேசத்தின் சோகைக் கணக்கு இப்படி விரல் நுனியில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு விவாதம் நிற்கவில்லை. 11 என்ற கோடே நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று எச்.பி.எஸ். சச்தேவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கேட்டார்கள். அதே ஊட்டச்சத்து ஆய்வுக்குள்ளிருந்து இரும்புச்சத்து, வைட்டமின் குறைவோ அழற்சியோ இல்லாத ஆரோக்கியமான பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து அவர்களின் ஹீமோகுளோபினைப் பார்த்தார்கள். பெரும்பாலான வயதுகளில் எல்லைக்கோடு 1 முதல் 2 கிராம் வரை கீழே நின்றது. அந்தக் கோட்டை வைத்து எண்ணினால் 1 முதல் 19 வயது வரையானவர்களில் சோகை 30 விழுக்காட்டிலிருந்து 10.8-ஆக இறங்கிவிடும். 2021-ல் வந்த இந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. கோட்டைத் தாழ்த்தினால் பசியும் தாழ்ந்துவிடுமா என்ற எதிர்க்கேள்வி நியாயமானதே. உலக சுகாதார நிறுவனமும் 2024-ல் தன் கோடுகளைக் கொஞ்சம் திருத்தியது: ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரையான குழந்தைகளுக்கும், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கும் 10.5. விரலைப் பிதுக்காமல் நரம்பு ரத்தத்தையே எடுக்கவேண்டும் என்றும் வலியுறுத்தியது. கோடு எங்கே என்பதில் கருத்து வேறுபடலாம். ரத்தத்தை ஒழுங்காக எடுக்கவேண்டும் என்பதில் வேறுபட இடமில்லை.

குழந்தைகளிடம் ஒழுங்காக எடுப்பதே தனிக்கலை. 900 கிராம் எடையோடு பிறந்த குறைமாதக் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் ஒரு டீ டம்ளரை நிரப்பாது. 80, 90 மில்லி. பெரியவருக்கு எடுப்பதுபோல் இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று நாளுக்கு நாலு முறை எடுத்தால், சோதனையாலேயே சோகை வரும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றவேண்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் குதிகாலின் ஓரத்தில் குத்தி நுண்குழாயில் சில சொட்டுகள் எடுக்கிறார்கள். குதிகாலை அழுத்திக் கசக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 7 என்று வந்து வார்டே பரபரக்கும். அனுபவமுள்ள டெக்னீஷியன் அந்த நேரத்தில் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் குழாயைத்தான் பார்ப்பார். மேலே தெளிந்த நீர் சிவந்திருந்தால் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுவார்.

எண்களும் வளர்ந்தவரோடு ஒத்துப்போவதில்லை. பிறந்த அன்று 17, 18 என்றிருக்கும் ஹீமோகுளோபின், இரண்டு மூன்று மாதத்தில் நோய் எதுவுமில்லாமலே 9, 10-க்கு இறங்கி மீண்டும் ஏறும். பெரியவர்களுக்கு வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் மிகுதி. பிறந்த சில நாள்களில் குழந்தைக்கு லிம்போசைட் மிகுந்துவிடுகிறது. நாலைந்து வயதில்தான் திரும்ப மாறுகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் லிம்போசைட் 60 விழுக்காடு என்ற ரிப்போர்ட்டோடு ரத்தப் புற்றுநோயோ என்று நடுங்கிக்கொண்டு வரும் பெற்றோரைச் சமாதானப்படுத்துவது குழந்தை மருத்துவரின் அன்றாட வேலைகளில் ஒன்று.

ரத்தமாவது குத்தினால் வருகிறது. சிறுநீரும் சளியும் குழந்தையின் விருப்பத்தைப் பொறுத்தவை. காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் ஆறு மாதக் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, ஒட்டும் பையைக் கட்டிவைத்துப் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமிகளும் சேர்ந்து வளரும். அந்தக் கல்ச்சரை நம்பி மருந்து கொடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் ஒரு எளிய தந்திரத்தைச் சோதித்தார்கள். குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தேய்த்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்த குழந்தைகள் 31 விழுக்காடு. வெறுமனே காத்திருந்தவர்களில் 12. காசநோயில் சிக்கல் இன்னும் பெரிது. சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். கிருமியும் பெரியவர்களுக்கு இருப்பதில் சொற்பமே இருக்கும். முன்பு விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய்விட்டு இரைப்பை நீரை உறிஞ்சினார்கள். விழுங்கியது கடைசியில் எங்கே போகும் என்று யோசித்து, மலத்திலேயே மரபணுச் சோதனை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது.

குழாயில் எடுத்த ரத்தத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் இந்த ஒழுங்கில் சேர்ந்ததுதான். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956-ல் ஒரு செவிலியர் வெயில் காயவைத்த குறைமாதக் குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றது. பிறகு ஒருநாள் காமாலைக் குழந்தையின் ரத்தக் குழாய் ஆய்வகத்தில் வெயில் படும் இடத்தில் கிடந்துவிட்டது. மறுபடி அளந்தபோது காமாலையின் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபின் வெகுவாக இறங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து 1958-ல் கிரெமர், பெரிமேன், ரிச்சர்ட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்ததே இன்றைய நீல விளக்குச் சிகிச்சை. ஆய்வகத்துக்கோ அது வேறு பாடத்தைக் கொடுத்தது. பச்சிளங்குழந்தையின் பிலிருபின் குழாயை வெளிச்சம் படாமல் சுற்றித்தான் அனுப்பவேண்டும். இல்லையென்றால் மூளையைத் தாக்கும் அளவுக் காமாலைகூடத் தாளில் லேசாகத் தெரியும்.

இனி, ஒரு குழாயில் இருவர் என்ற சங்கதி. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது எதிர்ப்பொருள் சோதனையால். பெரியவருக்கு இன்றும் அதுவே முதல் சோதனை. அதே சோதனையை எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தைக்குச் செய்தால் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் ‘பாசிட்டிவ்’ வரும். தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே வந்து 18 மாதம்வரை தங்கக்கூடியவை. 18 மாதம் காத்திருக்கவும் வழியில்லை. சிகிச்சையில்லாமல் விட்டால் தொற்றுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அதனால் ஆறாவது வாரத்தில் குதிகால் ரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி வைரஸின் மரபணுவையே தேடுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் உயிரணு மரபு இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952-ல் எழுதினார்கள். இந்தியாவில் அந்நோய் பேசப்படத் தொடங்கியது அங்கிருந்துதான். பெரியவர்களுக்குச் செய்யும் கரைதல் சோதனையைப் பிறந்த குழந்தைக்குச் செய்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்றே வரும். கருப்பையில் இருந்தபோது சுமந்த ஹீமோகுளோபின் முதல் ஆறு மாதம் சிவப்பணுக்களை வளையவிடாமல் காப்பதே காரணம். 2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் உயிரணு சோகை ஒழிப்புத் திட்டம் பிறந்த குழந்தை முதல் 40 வயது வரையான ஏழு கோடிப் பேரைச் சோதிக்கக் கிளம்பியது. வயதுக்கேற்ற சோதனையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இல்லை என்ற சான்றோடு நோயுள்ள குழந்தை வீடு திரும்பும்.

கர்ப்பிணிக்கு வரும் மலேரியாவில் ஒளிந்துகொள்வது கிருமி. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி உள்ள அணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். கை விரலில் எடுத்த ரத்தப்பூச்சில் பல நேரம் ஒன்றும் இராது. உள்ளே சிசு எடை இழந்துகொண்டிருக்கும்.

தாயும் சேயும் ரத்தத்தால் முரண்படுவதைக் கண்டுபிடித்த கதை நோய்க்குறியியலின் நல்ல அத்தியாயங்களில் ஒன்று. ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் சிசு வாய்க்கும்போது தாயின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் அடுத்த சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கும். ஆனால் அந்த எதிர்ப்பொருள் சிவப்பணுவின்மேல் படிந்துகிடக்குமே தவிர அணுக்களை ஒட்டிச் சேர்க்காது. சோதனைக்குழாயில் அது கண்ணில் படாது. 1945-ல் ராபின் கூம்ப்ஸுக்கு லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு மங்கிய விளக்கெரிந்த ரயிலில் போகும்போது ஒரு வழி தோன்றியது. மனித எதிர்ப்பொருளையே பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் படிந்துகிடப்பவை கைகோத்துக் கட்டியாகும். கூம்ப்ஸ் சோதனை என்று இன்றும் எல்லா ரத்த வங்கியிலும் நடப்பது அதுதான். 1968-ல் ஆன்டி-டி ஊசி வந்தபின் நோய் தடுக்கக்கூடியதாகிவிட்டது. இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே ஆர்.எச். நெகட்டிவ் என்பதால் இந்த ஊசியை மறப்பதும் இங்கே எளிதாக இருக்கிறது.

தாயின் ரத்தத்தில் சிசு இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று 1997-ல் கிடைத்தது. டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் ஆண் சிசுவைச் சுமந்த 30 பெண்களின் பிளாஸ்மாவில் ‘ஒய்’ குரோமோசோம் துணுக்குகளைத் தேடி 24 பேரிடம் கண்டார்கள். பெண்ணின் உடம்பில் இருக்கவே முடியாத குரோமோசோம் அது என்பதால் வேறு விளக்கத்துக்கு இடமில்லை. 2011 முதல் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளை வயிற்றில் ஊசி குத்தாமல் தாயின் கை ரத்தத்திலேயே தேடும் சோதனைகள் சந்தைக்கு வந்துவிட்டன. முதன்முதலில் கண்டுபிடிக்க உதவிய அதே தகவல், அதாவது ஆணா பெண்ணா என்பது, இந்தியாவில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி யாருக்கும் சொல்லக்கூடாதது. பெண்சிசுவின் உயிரே அதில் தொங்கிய நாட்டில் அந்தத் தடை மிகையல்ல.

இச்சோதனை எதிர்பாராத இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. டயானா பியாங்கியும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 1,25,000 கர்ப்பிணிகளில் 3,757 பேருக்குச் சோதனை அசாதாரணம் என்று வந்தது. அவர்களில் பத்துப் பேருக்குப் பிற்பாடு புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிசுவின் துணுக்குகள் என்று எண்ணிக்கொண்டிருந்தவற்றில் தாயின் கட்டி உதிர்த்தவையும் கலந்திருந்தன.

சர்க்கரைக்கு வருவோம், இதில் சென்னைக்குத் தனிப் பங்கு உண்டு. கர்ப்ப கால நீரிழிவுக்கு முதல் எல்லை 1964-ல் ஓ’சல்லிவனும் மேகனும் போஸ்டனில் 752 கர்ப்பிணிகளை வைத்து வகுத்தது. அந்த எல்லை குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைப் பார்க்கவில்லை; பின்னாளில் தாய்க்கு நீரிழிவு வருமா என்பதையே கணித்தது. 2008-ல் ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் சிசேரியனும் ஏறுகின்றன, நடுவில் பாதுகாப்பான படி என்று எதுவுமில்லை என்று காட்டியது. அதிலிருந்து வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்ற எல்லைகள் பிறந்தன. ஒன்பது நாடுகளில் இந்தியா இல்லை.

சென்னையில் நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா கேட்ட கேள்வி வேறு. இருபது கிலோமீட்டர் பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? வந்தவர்களில் எத்தனை பேர் வாந்தி எடுக்காமல் மூன்று முறை ரத்தம் கொடுப்பார்கள்? சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார்; 140 தொட்டால் நீரிழிவு என்றது அவர் முன்வைத்த முறை. மத்திய அரசின் வழிகாட்டி அதையே ஏற்றுக்கொண்டது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 தேசிய கர்ப்ப கால நீரிழிவு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2022-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஆனால் சென்னையின் இன்னொரு நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பிட்டபின் செய்யும் இந்தச் சோதனை, முறைப்படி வெறும் வயிற்றில் செய்தால் பிடிபடும் பெண்களில் நாலில் ஒருவரைச் சற்று மிஞ்சித்தான் பிடிக்கிறது என்று வந்தது. ஒரே ஊரின் இரு பள்ளிகளுக்கிடையே இந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. நுட்பம் குறைந்த வலையை எல்லோர்மேலும் வீசுவதா, நுட்பமான வலையை வந்தவர்மேல் மட்டும் வீசுவதா என்பதே உள்ளிருக்கும் தகராறு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சேஷய்யாவின் பக்கம் சாயத் தோன்றும். வயிற்றில் நாலே கால் கிலோ குழந்தையோடு கடைசி மாதத்தில் பிடிபட்ட பெண்ணைப் பார்த்தவர்களுக்கு மோகனின் பக்கம் சாயத் தோன்றும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஒரு குறுக்குவழியாகத் தெரியலாம். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதாலும் சோகை கலந்திருப்பதாலும் அது நம்பத்தகாதது.

பேறுகால வலிப்பின் வரலாறு அதைவிட நீளம். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் 1843-ல், வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரைக் காய்ச்சினால் முட்டை வெண்கருபோல் திரிவதைக் கவனித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் சிறுநீர்ப் புரதமும், பின்னாளில் அதோடு சேர்ந்த ரத்த அழுத்தமும்தான் நோயின் இலக்கணம். இரண்டும் பின்னால் வரும் அறிகுறிகள். சிலருக்குப் புரதம் வராமலே கல்லீரல் சிதைந்துவிடுகிறது. மேல்வயிற்று வலி என்று வரும் ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ‘கேஸ் டிரபுள்’ மாத்திரை எழுதி அனுப்பியபின் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே, கல்லீரல் நொதிகள் பல மடங்கு என்று ரிப்போர்ட் வருவது மகப்பேறு மருத்துவர்கள் அஞ்சும் காட்சி. லூயிஸ் வைன்ஸ்டைன் 1982-ல் ‘ஹெல்ப்’ என்று பெயரிட்டது இந்தத் தொகுப்புக்குத்தான். 2013-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் புரதம் கட்டாயமில்லை என்று இலக்கணத்தையே திருத்தியது.

நோயின் மூலத்தை நெருங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து போஸ்டன் போன சிறுநீரக மருத்துவர் ஆனந்த் கருமாஞ்சி. ரத்தக்குழாய்களை வளர்க்கும் புரதங்களைப் பிடித்து முடக்கும் ஒரு பொருளை நோயுற்ற நஞ்சுக்கொடி அளவுக்குமீறிச் சுரக்கிறது என்று 2003-ல் அவர் குழு காட்டியது. எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் வந்தது. முடக்கும் பொருளுக்கும் வளர்க்கும் புரதத்துக்கும் உள்ள விகிதம் 38 அல்லது அதற்குக் குறைவு என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம் என்பது 2016-ல் பன்னாட்டு ஆய்வொன்றில் தெரிந்தது. அமெரிக்கா 2023-ல் இவ்வகைச் சோதனைக்கு அனுமதி தந்தது. வரும் என்று சொல்வதைவிட வராது என்று சொல்வதில்தான் இந்தச் சோதனை கெட்டி. 30 வாரத்தில் அழுத்தம் ஏறிய பெண்ணை வார்டில் வைத்துக்கொள்வதா வீட்டுக்கு அனுப்புவதா என்று திணறும் மருத்துவருக்கு அந்த ‘வராது’ பெரிய உதவி.

பிறந்தபின் தேடும் நோய்களுக்கு வழிகாட்டியது நார்வேயில் ஒரு தாயின் பிடிவாதம். இரண்டு குழந்தைகளும் மூளை வளர்ச்சி குன்றியிருக்க, அவர்களிடம் வீசிய ஒரு விநோத வாடையைப் பற்றி அவர் மருத்துவர் மருத்துவராகக் கேட்டார். 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் அவர்களின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டபோது அது பச்சையாக மாறியது. ஃபீனைல்கீட்டோனூரியா கண்டுபிடிக்கப்பட்டது அப்படி. ஆனால் சிறுநீர் பச்சையாவதற்குள் மூளை பாதிக்கப்பட்டுவிடும். மூளை வளர்ச்சி குன்றிய மகனுக்குத் தந்தையான ராபர்ட் கத்ரி, அமெரிக்காவின் பஃபலோவில், குதிகால் ரத்தத்தைக் காகிதத்தில் ஒரு பொட்டாக உலர்த்தி, அதைச் சுற்றிப் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1963-ல் மாசச்சூசெட்ஸ் அதைக் கட்டாயமாக்கியது. அந்தக் காகிதப் பொட்டு தபாலில் போகும், கெடாது. குழந்தை மருத்துவ ஆய்வகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய கருவி நுண்ணோக்கிக்கு அடுத்தபடி அதுதான் என்று சொன்னாலும் தகும்.

இந்தியாவுக்கு அதைவிட முக்கியமான நோய் பிறவித் தைராய்டு குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது 1,130-க்கு ஒரு குழந்தைக்கு அது இருந்தது. சென்னையில் 727-க்கு ஒன்று. மேலைநாட்டுப் பாடநூல்களில் இடம்பெற்று வந்த கணக்கு மூவாயிரம் நாலாயிரத்துக்கு ஒன்று. முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலவே படித்து வளரும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சி நின்றுபோகும். பிறக்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. தாயின் தைராக்ஸின் நஞ்சுக்கொடி வழியாக வந்து குழந்தையின் குறையை மறைத்துவைத்திருக்கும்.

கோவா 2008-ல் மாநிலம் முழுவதும் இச்சோதனையைத் தொடங்கியது. கேரளமும் அரசு மருத்துவமனைகளில் நடத்துகிறது. நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டம் இன்னும் வரவில்லை. ஆய்வகம் இல்லாததைவிட நேரம்தான் முட்டுக்கட்டை. பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். எகிறும்; அன்று எடுத்தால் பொய்யான ‘பாசிட்டிவ்’ குவியும். 48 மணிக்கும் 72 மணிக்கும் இடையே குதிகாலில் எடுப்பது நல்லது. சுகப்பிரசவமானவர்கள் பலர் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் சில மருத்துவமனைகள் தொப்புள்கொடி ரத்தத்திலேயே டி.எஸ்.எச். பார்க்கின்றன, யாரும் தப்பமாட்டார்கள், ஆனால் ஃபீனைல்கீட்டோனூரியா போன்றவற்றை அதில் பிடிக்க முடியாது, குழந்தை பால் குடித்தபின்தான் அவை தலைகாட்டும். எது எடுத்தாலும் ரிப்போர்ட் வரும்போது தாய் வார்டில் இருக்கப்போவதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் கணவன் வீட்டு விலாசம் எழுதியிருக்கும். பச்சை உடம்புக்காரி அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டாவது தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கி எழுதிக்கொள்வது இதற்காகத்தான், உயர்ந்த டி.எஸ்.எச். உள்ள குழந்தையை இரண்டாவது வாரம் முடிவதற்குள் மறுபரிசோதனைக்குத் தேடிப்பிடிக்க அதைவிட்டால் வேறு வழியில்லை.